பதினான்காம் இலக்கக் கிணறு

1

எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில், பல் வைத்தியரின் அட்டைக்கும் குப்பை வண்டி வரும் நாட்களின் அட்டவணைக்கும் நடுவே, ஒரு சான்றிதழ் ஒரு வருடத்துக்கு மேலாக ஒட்டியிருந்தது. நேற்று அதைக் கழற்றினேன். கனடாவின் இந்தச் சமவெளி நகரத்துக்கு நான் வந்து நேற்றோடு நாற்பது வருடம். மனைவி பத்மா பாயாசம் காய்ச்சினாள். கல்கரியில் இருக்கும் மகன் தொலைபேசியில் நான்கு நிமிடம் பேசினான்.

சான்றிதழ் கொழும்பிலிருந்து மின்னஞ்சலில் வந்தது. பல்கலைக்கழகங்களின் விஞ்ஞான, பொறியியல் ஆய்வுகளுக்கு அரசாங்கப் பணத்தைப் போட்டி வைத்துக் கொடுக்கும் ஒரு சபை அனுப்பியது. 'தங்கள் பாரபட்சமற்ற மதிப்பீட்டுக்கு நன்றி' என்று அதில் என் பெயருக்குக் கீழே இருந்தது. அச்சடித்து ஒட்டியவள் பத்மா. எனக்கு அதைத் தடுக்கக் காரணம் சொல்ல முடியவில்லை.

அந்த வருடம் நான் மதிப்பிட்டது ஒரே ஒரு விண்ணப்பம். அது தோற்கும்படி நான் பார்த்துக்கொண்டேன். பொறாமையால் செய்தேன். எழுபத்திரண்டு வயதில், தொழிலில் பெயர் எடுத்து ஓய்வு பெற்ற பிறகு, முப்பத்துநான்கு வயதுப் பெண் ஒருத்தியின் மீது பொறாமைப்பட்டேன். இன்னும் சரியாகச் சொன்னால், அவளுடைய தகப்பன் மீது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். நடந்ததை மாற்றவில்லை.

2

இந்த மானியம் கொடுக்கும் முறை பலருக்குத் தெரியாது. விரிவுரையாளர் ஒருவர் தான் செய்ய விரும்பும் ஆய்வை எழுதி, என்ன கருவி வேண்டும், எத்தனை உதவியாளர் வேண்டும் என்று சபைக்கு விண்ணப்பிக்கிறார். சபை அவருடைய பெயரை நீக்கிவிட்டு, அதே துறையில் வேலை செய்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்புகிறது. உள்நாட்டில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதால் வெளிநாட்டில் இருக்கும் எங்களைப் போன்றவர்களையும் கேட்கிறார்கள். எழுதியவர் யார் என்று எங்களுக்குச் சொல்வதில்லை. மதிப்பிட்டவர் யார் என்று அவருக்கும் சொல்வதில்லை. எங்கள் கருத்துரையை மட்டும் அவருக்கு அனுப்புவார்கள். நூற்றுக்கணக்கில் வரும் விண்ணப்பங்களில் சிலவற்றுக்குத்தான் பணம் போகும். ஆகவே ஒரு மதிப்பீட்டாளர் முகம் சுளித்தாலே போதும்.

நானும் இதே மாதிரிப் பணத்தில்தான் வாழ்ந்தேன். இந்த நாட்டு அரசாங்கம் முப்பது வருடம் எனக்கு மானியம் தந்தது. கோதுமை வயல்களில் உப்பு பூப்பதை அளந்தேன். வெள்ளையாய்ப் பூத்த நிலத்தில் மண் எடுத்து, பையில் போட்டு, இலக்கம் எழுதினேன். அந்த வயல்காரர்களில் ஒருவரோடும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. நல்ல மனிதர்கள்தான். வாசலில் நின்று கையசைப்பார்கள். நான் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

வருடத்தில் ஐந்து மாதம் பனி. காலையில் எழும்பினால் முதல் வேலை வாசல் பனியைச் சவளால் தள்ளுவது. பிறகு கடைத்தொகுதிக்குப் போய் உள்ளேயே மூன்று சுற்று நடப்பேன். என்னைப் போன்ற கிழவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே நடக்கிறோம். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது.

3

அந்த விண்ணப்பத்தைத் திறந்தபோது முதலில் மகிழ்ச்சிதான் வந்தது. கிளிநொச்சி மாவட்டத்தின் வடக்கே, கடல்நீரேரிப் பக்கமாக இருக்கும் கிணறுகள் உப்பேறிச் சவராகி வருவதைப் பற்றியது. இருபது கிணறுகள். ஒவ்வொன்றிலும் உவர் அளக்கும் கருவி இறக்கி, காலபோகம், சிறுபோகம் என்ற இரண்டு பயிர்க்காலங்களிலும், இரண்டு வருடம் தொடர்ந்து அளப்பது. எந்தக் கிணற்றை எப்போது இறைத்தால் உப்பு ஏறும் என்று கமக்காரருக்கு முன்கூட்டியே சொல்வது. எளிமையான, தேவையான ஆய்வு.

இரண்டாவது பக்கத்தில் மகிழ்ச்சி போய்விட்டது. இதை நான்தான் எழுதியிருக்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம் படிக்கும்போது, நானும் என் நண்பன் கனகலிங்கமும் இப்படி ஒன்றைச் செய்வதாகப் பேசி வைத்திருந்தோம். சில வருடம் அங்கே வேலை பார்த்துவிட்டு, நான் இரண்டு வருடத்தில் திரும்புவதாகச் சொல்லி மேற்படிப்புக்கு இங்கே வந்தேன். அவன் அங்கேயே நின்றான்.

ஏழாவது பக்கத்தில் ஒரு படம். கிணற்றுக்குள் வாளி இறக்கும் இரண்டு கைகள். முகம் தெரியாதபடி வெட்டியிருந்தார்கள். இடது கை மோதிரவிரலில் பாதி இல்லை. படத்தின் கீழே 'கிணறு இலக்கம் பதினான்கு, தர்மபுரம்' என்று இருந்தது.

அந்த அரைவிரல் எனக்குத் தெரியும். அது ஷெல்லில் போன விரல். கனகலிங்கத்தின் கை. அவனுடைய ஒரே மகள் ஆரணி கிளிநொச்சியில் பொறியியல் விரிவுரையாளராக இருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். அவன் தொலைபேசியில் பேசினால் வேறு கதையே இராது. "பிள்ளை இண்டைக்கு அங்கை போட்டாள், இங்கை போட்டாள், நானும் பின்னுக்கு ஏறிப்போனனான்" என்பான். அறுபது எழுபது கிணறுகளை இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அவள் ஓட்ட, அவன் பின்னால் வாளியும் கயிறும் பிடித்துக்கொண்டு.

படிவத்தின் முதல் கேள்வி: 'விண்ணப்பதாரர் யாரென்று அறிவீர்களா? உறவோ நட்போ உண்டா?' பெயரை மறைத்துத்தானே அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, 'இல்லை' என்பதில் அடையாளம் இட்டேன்.

4

பதினான்காம் கிணற்றின் கதையை இனிச் சொல்ல வேண்டும்.

எங்கள் இரு குடும்பங்களும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் அடுத்தடுத்த காணிகள் எடுத்தவை. நானும் கனகனும் உயர்தரம் படித்த வருடம் கடும் வரட்சி. அவர்கள் வீட்டுக் கிணறு சவராகிவிட்டது. வளவின் பின்னால் குளத்து வாய்க்கால் ஓடியது. அது வயலுக்கு மட்டும்தான். வீட்டுக்குத் திருப்பினால் வாய்க்கால் ஓவசியர் வழக்குப் போடுவார். பரீட்சைக்குப் படிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நாங்கள் இருவரும் நான்கு மத்தியானங்கள், எல்லோரும் படுத்திருக்கும் நேரத்தில், மண் வெட்டினோம். வாய்க்கால் கரைக்கு அடியிலிருந்து கிணற்றின் உட்சுவர் வரை சீமெந்துக் குழாய் தாட்டு, மேலே மண் மூடி, வாழைக்கன்று நட்டோம். ஒரு மாதத்தில் கிணறு நல்ல தண்ணியாகிவிட்டது. அவனுடைய அம்மா பிள்ளையாருக்குப் பொங்கினார். ஓவசியரும் வந்து புக்கை சாப்பிட்டுப் போனார்.

யாருக்கும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தோம். அவன் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, கிணற்றைத் துப்புரவாக்கித் திரும்பவும் பாவித்தபோதும் யாருக்கும் சொல்லவில்லை. மகளுக்கும் சொல்லவில்லை.

அதுதான் கேடு. சுற்றிவர உள்ள கிணறுகளெல்லாம் சவராக இருக்க, தன் வீட்டுக் கிணறு மட்டும் ஏன் நல்ல தண்ணீராக இருக்கிறது என்ற கேள்வியிலிருந்துதான் ஆரணி ஆய்வைத் தொடங்கியிருந்தாள். நிலத்துக்கு அடியில் நன்னீர் தேங்கிய திட்டு ஒன்று அங்கே இருக்கலாம் என்று ஒரு பகுதி முழுக்க எழுதியிருந்தாள். கெட்டிக்காரத்தனமான ஊகம். இரண்டு பொடியன்கள் தாட்ட குழாய் அது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

5

நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, கனகனுக்கு எடுத்து, "டேய், பிள்ளைக்குக் குழாயைச் சொல்லு" என்றிருக்க வேண்டும்.

அல்லது மதிப்பீட்டாளராகவே நேர்மையாக நின்று, 'பதினான்காம் கிணற்றை விலக்கிவிட்டு மற்றப் பத்தொன்பதோடு தொடரலாம், பணம் கொடுங்கள்' என்று எழுதியிருக்கலாம். பத்தொன்பது போதும். அது எனக்கு அப்போதே தெரியும்.

நான் எழுதியது இது. 'பதினான்காம் கிணற்றுக்கு அருகிலுள்ள வாய்க்காலிலிருந்து நிலத்துக்கு அடியில் குழாய் மூலம் நீர் வருகிறது. இதைக்கூட அறியாமல் ஆய்வு வகுக்கப்பட்டிருக்கிறது. விண்ணப்பதாரருக்குக் கள அனுபவம் போதாது.' ஆய்வாளரின் தகுதி என்ற தலைப்பில் ஐந்துக்கு ஒன்று போட்டேன். முறைக்கு இரண்டு. இறுதியில், 'பணம் வழங்கப் பரிந்துரைக்கவில்லை.'

கள அனுபவம் போதாதாம். அறுபது எழுபது கிணற்றில் வாளி இறக்கியவளுக்கு.

அனுப்பிய பிறகு எனக்குக் குற்ற உணர்வு வரவில்லை. நிம்மதி வந்தது. பதினைந்து நிமிடம் உற்சாகமாகப் பனி தள்ளினேன். நாற்பது வருடமாகக் கனகனைப் பார்த்துப் பரிதாபப்பட்டுப் பழகியிருந்தேன். ஊர் ஊராக ஓடினவன், தகரக் கொட்டிலில் இருந்தவன், மனைவியை நோய்க்குக் கொடுத்தவன். அந்தப் பரிதாபத்துக்கு அடியில் வேறொன்று கிடந்தது என்பது அந்த ஏழாம் பக்கம் வரும்வரை எனக்குத் தெரியாது. அவனுக்கு ஒரு பிள்ளை இருக்கிறது. அந்தப் பிள்ளை அவன் கயிறு பிடிக்க வாளி இறக்குகிறது. என் மகனுக்கு நான் என்ன வேலை செய்தேன் என்பதே சரியாகத் தெரியாது. 'மண் சம்பந்தமாக' என்று தன் நண்பர்களுக்குச் சொல்வான்.

6

நான்கு மாதம் கழித்து ஒரு காலை ஏழு மணிக்குத் தொலைபேசி. அங்கே மாலை.

"மச்சான், எழும்பிட்டியோ?" கனகன்.

"ஓம், சொல்லுங்கோ" என்றேன். வாயிலிருந்து அப்படித்தான் வந்தது.

"என்னடா, சொல்லுங்கோவோ? நான் என்ன அரசாங்கக் கச்சேரியிலை இருந்தே எடுக்கிறன்?" சிரித்தான். பிறகு, "பிள்ளைக்குக் காசு கிடைக்கேல்லை" என்றான்.

"அப்படியா."

"காரணம் எழுதி அனுப்பியிருக்கிறாங்கள். வாசிச்சுக் காட்டினவள். பதினாலாம் கிணத்துக்குள்ளை வாய்க்கால் குழாய் வருதாம்."

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நான் சிரிச்சுப்போட்டன் மச்சான். முதல்லை சிரிப்புத்தான் வந்தது. அட, ஒருத்தன் ஞாபகம் வைச்சிருக்கிறான் எண்டு. பிள்ளை என்னைப் பாக்கிறாள், 'என்னப்பா சிரிக்கிறீங்கள்' எண்டு. அதுக்குப் பிறகு மிச்சத்தை வாசிச்சாள்."

"கனகன்..."

"அம்மாக்கும் சொல்லேல்லை. மனுசிக்கும் சொல்லேல்லை. ஓவசியர் செத்தே முப்பது வருசம். பேர் தெரியாத பெரிய மனிசன் ஒருத்தனுக்கு அந்தக் குழாய் எப்பிடியடா தெரியும்?"

பெயரை மறைத்து எழுதிய கருத்துரையில் என் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. முப்பது வருடம் எத்தனையோ விண்ணப்பங்களை மதிப்பிட்டவன். உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்ததை எழுதினால் மற்றவன் கண்டுபிடித்துவிடுவான் என்று யோசிக்கவில்லை. எனக்குத் தெரியும் என்று காட்டும் அவசரம்.

"நான்தான்" என்றேன்.

"தெரியும்." பிறகு சொன்னான்: "அவுஸ்திரேலியாவிலை ஒரு இடம் கேட்டு வந்தது அவளுக்கு. இந்தக் காசு கிடைச்சா இஞ்சையே இருப்பன், கிடைக்காட்டிப் போறன் எண்டு சொல்லியிருந்தவள். உனக்கு அது தெரியாதுதான். சரி, வை. நான் மாட்டைக் கட்டோணும்."

7

மகனிடம் சொன்னேன். அதை யாரிடமாவது சொல்லவேண்டியிருந்தது.

"அப்பா, நீர் சும்மா கவலைப்படுறீர்" என்றான். நானும் பத்மாவும் ஒருவரை ஒருவர் 'நீர்' என்று பேசுவதைக் கேட்டு வளர்ந்தவன். தகப்பனை அப்படிச் சொல்வதில்லை என்று யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. "ஒரு ரிவியூதானே. எங்கட ஒபிசிலை கிழமைக்குப் பத்து எழுதுறம். அவ வேற இடத்திலை அப்ளை பண்ணுவா."

அவன் சொன்னதில் பிழையில்லை. அவன் வாழும் உலகத்தில் அது அப்படித்தான்.

அடுத்த கிழமை ஆரணியே எடுத்தாள். அவளோடு நான் அதுவரை பேசியதெல்லாம் புதுவருட வாழ்த்துத்தான்.

"மாமா, ஆரணி கதைக்கிறன். அப்பா பக்கத்திலை இல்லை, வயலுக்குப் போட்டார்."

"சொல்லு பிள்ளை."

"குழாயைக் கிண்டிப் பாத்தனான். இருக்கு. இண்டைக்கும் தண்ணி வருது. பதினாலைப் பற்றி நீங்கள் எழுதினது சரி. அதுக்கு முதல்லை தாங்ஸ்."

கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

"மற்றப் பத்தொன்பது கிணறும் காணும்தானே மாமா?"

"காணும், போதும்."

"அது அப்பவே தெரியுமோ?"

"தெரியும்."

"பிறகு, எனக்குக் களத்திலை அனுபவம் காணாது எண்டு எழுதினது?"

"அது பொய், பிள்ளை."

"ஏன் மாமா?"

வயது, மறதி, அவசரம் என்று சொல்ல ஏதேதோ இருந்தன. "பொறாமை" என்றேன்.

"என்னிலையோ?" அவள் சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பு அல்ல. "எனக்குக் கம்பசுக்குப் போற பஸ்ஸிலை இருக்க இடம் கிடைக்கிறேல்லை. போன கிழமை ஒரு கடகத்துக்கு மேலை இருந்து போனனான், உள்ளுக்கை கோழி. என்னிலையோ மாமா பொறாமை?"

"ஓம்."

"சரி. மன்னிப்பு ஒண்டும் கேக்காதேங்கோ, எனக்கு அது என்னத்துக்கு? இப்ப சொன்னதைச் சபைக்கு எழுதுங்கோ. உங்கட பேரைப் போட்டு."

8

ஒன்பது நாள் எழுதவில்லை. உறவை மறைத்துப் பொய் அடையாளம் இட்டேன் என்று நானே எழுதிக்கொடுத்தால், அந்தச் சபையில் மட்டுமல்ல, இங்கே நான் வேலை செய்த இடத்திலும் கதை பரவும். ஓய்வுபெற்ற பேராசிரியர்களுக்குப் பெயரைத் தவிர வேறு சொத்து இல்லை. மேசையில் இருப்பேன், இரண்டு வரி எழுதுவேன், அழிப்பேன்.

பத்தாம் நாள் பத்மா குசினியிலிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள். அவளுக்கு அதற்குள் எல்லாம் தெரியும்.

"எழுதினா என்ன, பென்சனை வெட்டப்போறாங்களே?"

"அதில்லை. பேர்..."

"உம்மட பேரை அங்கை ஆருக்குத் தெரியும்?" என்றாள். "ஒரு கிணத்துக்குத் தெரியும். அதுவும் காட்டிக்குடுத்துப்போட்டுது. எழுதும்."

அன்று எழுதினேன். விண்ணப்பதாரரை அறிவேன், படத்தில் அடையாளம் கண்டேன், தகுதி பற்றி எழுதியது உண்மையல்ல, காரணம் தனிப்பட்டது. ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது.

ஆறு கிழமை கழித்துப் பதில். மரியாதையான கடிதம். என் மதிப்பீடு நீக்கப்பட்டது. மதிப்பீட்டாளர் பட்டியலிலிருந்து என் பெயரும் நீக்கப்பட்டது. அந்த வருடத்துப் பணம் பங்கிட்டு முடிந்துவிட்டதால் முடிவை மாற்ற வழியில்லை. விண்ணப்பதாரர் அடுத்த சுற்றில் புதிதாக விண்ணப்பிக்கலாம். முன்னைய முடிவு அவருக்கு எதிராகக் கொள்ளப்படாது.

அதை அப்படியே ஆரணிக்கு அனுப்பினேன். 'கிடைத்தது மாமா, நன்றி' என்று பதில் வந்தது. அதற்கு முதல் கிழமைதான் அவள் அவுஸ்திரேலிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்திருந்தாள். இரண்டு வருடமாம்.

9

அவள் போன பிறகு மூன்று மாதம் கனகனுக்கு எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. வெறும் வீட்டில் அவன் குரல் எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியும். நான் இங்கே வந்த பிறகு என் அப்பாவின் குரல் அப்படித்தான் கடைசிவரை ஒலித்தது. என் இரண்டு எண்கள் அவனை என்னுடைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டன. இனிப் பொறாமைப்பட ஒன்றுமில்லை, அழத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலை எடுத்தேன்.

"மச்சான், பொறு, பொறு" என்றான். இரைத்தது. "இப்பத்தான் வந்து இறங்கிறன். பிள்ளை லைனிலை நிக்கிறாள். அவளுக்கு நம்பரைச் சொல்லிப்போட்டு எடுக்கிறன்."

இருபது நிமிடத்தில் எடுத்தான்.

"என்ன நம்பர்?"

"கிணத்து நம்பர்தான். மீற்றரை என்னட்டை விட்டிட்டுப் போனவள். வெள்ளிக்கு வெள்ளி பத்தொன்பதையும் சுத்தி வாறன். ஒரு கொப்பியிலை எழுதி, பின்னேரம் போனிலை சொல்ல, அவள் அங்கை பதியிறாள். அடுத்த சுத்துக்குப் போடேக்கை ஒரு வருசத்துக் கணக்கு கையிலை இருக்குமாம். இந்தக் கிழமை எட்டாம் கிணறு கூடிப்போச்சு. 'அப்பா, நீங்கள் வாளியை அடிமட்டும் விட்டிட்டீங்கள்' எண்டு பேசுறாள். நான் விடேல்லையடா! ரெண்டு பேரும் அரை மணித்தியாலம் சண்டை."

அவன் சந்தோசமாக இருந்தான். எழுபத்திரண்டு வயதில், பத்தொன்பது வீட்டு வாசலில் தேத்தண்ணி குடித்து வந்த களைப்பில், மகளோடு ஒரு எண்ணுக்குச் சண்டை போட்டுவிட்டு.

நெஞ்சுக்குள் அது திரும்பவும் எழும்பியது. அதே சாமான், ஏழாம் பக்கத்தில் எழும்பியது. பிழையை ஒப்புக்கொண்டால், பெயரை இழந்தால், அது போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. இதை எழுதும்போதும் இருக்கிறது.

"கனகன்" என்றேன், "அந்தக் கொப்பியைப் படம் எடுத்து எனக்கும் அனுப்பலாமோ? எட்டாம் கிணத்திலை என்ன நடக்குது எண்டு நானும் பார்க்கிறன். எனக்கு இஞ்சை வேலை ஒண்டும் இல்லை."

அவனுக்குப் பின்னால் மாடு கத்தியது.

"அது அவளின்ரை வேலை மச்சான்" என்றான். "கேட்டுச் சொல்லுறன்."

இது நடந்து மூன்று வெள்ளிக்கிழமை போய்விட்டது. ஏழு மணிக்கு முன்பே எழும்பி, தொலைபேசியைக் குசினி மேசையில் வைத்துவிட்டு இருக்கிறேன். திரும்பக் கேட்பதாக இல்லை. கேட்கும் உரிமை எனக்கு இருந்தது. அதை நான் ஐந்துக்கு ஒன்று போட்ட அன்று செலவழித்துவிட்டேன்.